கந்தரோடை: தூபிகளின் நிழலில் மறைந்த பட்டினம்

அநுராதபுரத்தோடு ஒருங்கே வைத்துப் பேசத்தக்க பழைய குடியிருப்பு ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு. அதன் பெயர் கந்தரோடை. நம்மவர்களிடம் கேட்டால் "அந்தப் புத்த தூபிகள் இருக்கிற இடம்தானே" என்பார்கள். தென்னிலங்கையிலிருந்து வருபவர்களிடம் கேட்டால் "கதுறுகொட விகாரை" என்பார்கள். இரு தரப்பினரும் ஒரே சிறிய வளவைத்தான் மனத்தில் கொண்டு பேசுகிறார்கள். அந்த வளவைச் சுற்றிப் பட்டினம் ஒன்று புதைந்து கிடக்கிறது என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை. அண்மையில் அங்கே சென்று ஒரு முழுப் பகலைக் கழித்தபோது என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

கந்தரோடைக்குச் செல்லும் வழி யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறநாடுகளில் வாழும் இளையவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில், மருதனார்மடம் கடந்து சுன்னாகம் சந்தியில் மேற்கே திரும்ப வேண்டும். ஸ்கந்தவரோதயக் கல்லூரியைத் தாண்டியதும் வீதி ஒடுங்கிவிடும். இரு மருங்கிலும் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, வாழை. தோட்டங்களின் ஓரத்தில் பனைகள். வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள். அவற்றுள் ஒன்றின் ஓரத்தில் தொல்லியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகை.

உள்ளே சென்றால் கண்ணிற் படுபவை, நெருக்கமாகக் கூடி நிற்கும் சிறு குவிமாடங்கள். சில ஆளுயரத்தைச் சற்று மிஞ்சியவை, சில இடுப்பளவே. இருபதளவில் முழு உருவத்தோடு நிற்கின்றன. ஏனையவை வெறும் வட்ட அடித்தளங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 60 வரும் என்பது வழமையான கணக்கு. அநுராதபுரத்தின் மாபெரும் தூபிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை பொம்மைகள் போலத் தோன்றும். ஆயினும், பனைகளின் நடுவே சாம்பல் நிறக் கல்லில் இத்தனை குவிமாடங்கள் குந்தியிருக்கும் காட்சி இலங்கைத் தீவில் வேறெங்கும் காணக்கிடைக்காதது. ஆந்திரத்தின் அனகாப்பள்ளிக்கு அருகே உள்ள சங்கரம் என்னும் இடத்தில், குன்றின் மேல் பாறையிலேயே செதுக்கிய சிறு தூபிகள் இப்படிக் கூட்டமாக உள்ளன. ஒப்பிட வேண்டுமானால் அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் காணும் குவிமாடங்கள் பழையவை அல்ல. பழையவை அடித்தளங்களே. 1966, 1967ஆம் ஆண்டுகளில் தொல்லியல் திணைக்களம் இங்கு அகழ்ந்தபோது, சிதறிக் கிடந்த கற்களையும் புதிய கற்களையும் கொண்டு அடித்தளங்களின் மேல் இவற்றை எழுப்பியது. புனரமைப்பு உலகெங்கும் நடப்பதுதான். அதில் தவறு காண வரவில்லை. ஆனால் புகைப்படத்துக்கு முன்னே நின்று "இரண்டாயிரம் ஆண்டு" என்று பெருமைப்படுபவரும் சரி, அதே படத்தைக் கண்டு எரிச்சலடைபவரும் சரி, தாம் பார்ப்பது 1960களின் கட்டுவேலையை என்பதை அறிந்திருப்பது நல்லது.

தூபிகள் யாருக்காக எழுந்தன? யாத்திரிகர்களுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நச்சுக் காளானை உண்டு இறந்துபோன 60 துறவிகளின் எச்சங்கள் இவற்றின் கீழே இருக்கின்றனவாம். அறுபது தூபிகளைக் கண்டவர்கள் அறுபது சாவுகளைத் தேடிக் கட்டிய கதை என்றே எனக்குப் படுகிறது. காளான் வடிவத்தில் இருப்பவற்றுக்குக் காளானையே காரணமாக்கிய கற்பனையை மெச்சத்தான் வேண்டும்! துறவிகளை எரித்த பின் எஞ்சியவற்றை வைத்துச் சிறு தூபி எழுப்பும் வழக்கம் பௌத்த உலகில் பரவலாக இருந்தது. மடம் ஒன்றின் துறவிகள் தலைமுறை தலைமுறையாக இங்கே அடக்கம் பெற்றனர் என்று கொள்வதற்கு நஞ்சு எதுவும் தேவையில்லை.

இந்த இடத்தை உலகறியச் செய்தவர் போல் ஈ. பீரிஸ். சிங்களவர், சிவில் சேவை அதிகாரி, போர்த்துக்கேயர் காலம் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாக இருந்த காலத்தில் வழக்குகளுக்கிடையே கிடைத்த ஓய்வை இந்த மேடுகளிற் செலவிட்டார். நாகதீபமும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும் பற்றிய அவருடைய கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. தூபி அடித்தளங்கள், சுண்ணாம்புக்கல்லிற் செய்த புத்தர் சிலைகள் மட்டுமல்லாமல், முத்திரை குத்திய இந்திய வெள்ளி நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், றோமானிய நாணயங்கள், மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சிகள் எனப் பலவற்றை அவர் பதிவு செய்தார்.

அந்த மைக் குச்சிகளே என்னை அதிகம் கவர்ந்தவை. துறவி மை தீட்டுவதில்லை. கண்ணுக்கு மையிட்டுக் கழுத்தில் மணி அணிந்து, கையிற் காசு புழங்கிய பெண்கள் வாழ்ந்த ஊர் இது. விகாரை இருந்தது உண்மை. அந்த விகாரைக்குச் சோறு போட்ட ஊரும் இருந்தது.

பீரிஸ் இன்னொன்றையும் வலியுறுத்தினார். இந்தியக் கரைக்கு இவ்வளவு அண்மையில் உள்ள இந்த வட புலத்தில், விஜயன் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் காலத்துக்கு நெடுநாள் முன்னரே மக்கள் குடியேறி வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மகாவம்சத்தின் முதற் பக்கத்தோடு முரண்படும் இக்கருத்தை ஒரு சிங்கள அறிஞர் நூறு ஆண்டுகளுக்கு முன் தயங்காமல் எழுதினார். இன்று அவ்வாறு எழுதுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தமிழ்ப் பக்கத்திலும் இந்த ஊருக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. யாழ்ப்பாண வைபவமாலை உக்கிரசிங்கனுடைய தலைநகராகக் கூறும் கதிரமலை கந்தரோடையே என்று முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில் நிறுவ முயன்றார். சிங்களப் பக்கத்தில், பௌத்த தலங்களை வரிசைப்படுத்தும் நம்பொத என்னும் பழைய சிறு நூல் கதுறுகொடவைக் குறிப்பிடுகிறது. தென்னிலங்கையில் இந்நூலைச் சான்றாக எடுத்துக்காட்டுவோர் பலர். ஆனால் அந்நூல் இத்தலத்தை எந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்த்திருக்கிறது தெரியுமா? "தெமளப் பட்டினம்", அதாவது தமிழ்ப் பட்டினம் என்பதன் கீழ்!

இனி மண்ணுக்குக் கீழே செல்வோம். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குழு ஒன்று கந்தரோடையில் அகழ்ந்தது. விமலா பெக்லி அதில் முக்கியமானவர். அவர்கள் தூபிகளை விட்டுவிட்டு மக்கள் வாழ்ந்த மேட்டைத் தோண்டினார்கள். கிடைத்தவை பானை ஓடுகள். அடியிலே, தென்னிந்தியப் பெருங்கற்காலத்துக்கே உரிய கறுப்பு–சிவப்பு மட்கலங்கள்: பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையிற் சுடுவதால் உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்து வருபவை. அதற்கு மேலே, உட்புறத்தில் புள்ளிக் கோடுகள் வட்டமாக ஓடும் மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகள். தொல்லியலார் இவற்றை ரூலெட் மட்கலம் என்பர். உருளும் சிறு பற்சக்கரம் போன்ற கருவியால் இட்ட கோலம் என்று கருதியதால் வந்த பெயர். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே தொடங்கி நெடுங்காலம் இடையறாது மக்கள் வாழ்ந்ததை இந்த அடுக்குகள் காட்டின.

இந்தத் தட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர், அங்கே இத்தாலியின் அரெட்டைன் மட்கலத்தோடு ரூலெட் மட்கலமும் கிடைத்தமையால் பின்னதும் மத்தியதரைப் புலத்திலிருந்து வந்ததென்று கருதினார். அன்று முதல் இந்தத் தட்டு கிடைத்த இடமெல்லாம் "றோமானியத் தொடர்பு" பேசப்பட்டது. பின்னாளில் அரிக்கமேட்டையும் ஆராய்ந்த விமலா பெக்லியே 1988இல், இது இந்தியாவிற் செய்யப்பட்டது என்று எழுதினார். 2005இல் வெளிவந்த களிமண் ஆய்வு ஒன்று கங்கைச் சமவெளியின் கீழ்ப்பகுதியை நோக்கிக் கைகாட்டியது. இதே தட்டு இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் என்னும் கடலோர ஊரிலும் கிடைத்திருக்கிறது. கங்கைப் புறத்துத் தட்டில் சுன்னாகத்தில் ஒருவர் உண்ட அதே காலகட்டத்தில் பாலியிலும் ஒருவர் உண்டிருக்கிறார். றோமைச் சொல்லித்தான் நமக்குப் பெருமை தேடவேண்டுமென்பதில்லை. வங்கக் கடல் முழுவதையும் சுற்றிவந்த வணிகத்தில் கந்தரோடை ஒரு கண்ணி.

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எப்படி வணிகப் பட்டினமாயிற்று என்று கேட்கலாம். விடை வழுக்கையாற்றில் இருக்கிறது. குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது இது ஒன்றே. மாரியில் மட்டும் ஓடும். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை வயல்களூடாக இறங்கி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்று அராலியில் கடலேரியோடு கலக்கிறது. செம்மண் தோட்டமும் வயலும் சந்திக்கும் இடம், பெரிய குளம், சில அடி தோண்டினால் நன்னீர், தென்மேற்கே கடலேரி, வடக்கே மகாவம்சம் ஜம்புகோளம் என்று குறிப்பிடும் துறை, இன்றைய சம்பில்துறை. சோறும் நீரும் இரு கரைகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இடம் குடாநாட்டில் இதைவிட வேறில்லை.

கடலேரிப் பக்கத்தில்தான் ஆனைக்கோட்டை இருக்கிறது. 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்தது. அக்குழுவில் இருந்த பொ. இரகுபதி பின்னர் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகள் பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வு நூல் இன்றும் இத்துறையில் அடிப்படையானது. எலும்புக்கூடு ஒன்றின் அருகே கிடைத்த வெண்கல முத்திரையில் இரு வரிகள் இருந்தன. ஒரு வரியில் பெருங்கற்காலப் பானைகளில் காணும் குறியீடுகள். மறு வரியில் பிராமி எழுத்துகள். "கோவேத" என்று படித்தார்கள். கந்தரோடைப் பானை ஓட்டிலும் பிராமி எழுத்துக் கிடைத்திருக்கிறது. தத்தன் என்பவனுடைய பாத்திரம் என்று பொருள் கூறுவர். முன்னது தமிழ் "கோ"வை நினைவூட்டுகிறது. பின்னது பிராகிருதம். இரண்டையும் ஒரே மக்கள் கூட்டம் எழுதியிருக்கலாம் என்று சொன்னால், இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

இந்தச் சண்டையை விளங்கிக்கொள்ள, பாரிஸில் வாழும் நம்மவர்களுக்குப் பழக்கமான பிரான்சுக்கு ஒரு கணம் செல்வோம். கிறிஸ்துவுக்கு முன் 52இல் ஜூலியஸ் சீசர் முற்றுகையிட்டு வென்ற அலேசியா என்ற கோலியர் கோட்டை, இன்று அலிஸ்-செந்த்-றென் என்னும் சிற்றூர். (அஸ்டெரிக்ஸ் சித்திரக்கதை படித்தவர்களுக்குக் கோலியரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.) மூன்றாம் நெப்போலியன் தன் அரசுக்குப் பழம்பெருமை தேடி 1861 முதல் 1865 வரை அங்கே அகழ்வித்தான். தோற்ற கோலியத் தலைவனுக்கு மலைமேல் ஏழு மீற்றர் உயரச் சிலை எழுப்பினான். சிலையின் முகத்தில் நெப்போலியனின் சாயல் இருப்பதாகப் பலர் சொல்வர். தொல்லியல் அரசர்களுக்குக் கண்ணாடியாவது இலங்கையில் மட்டும் நடப்பதன்று.

ஆனால் போரின் பின் அந்த மலைமேல் எழுந்த கோலிய–றோமானிய நகரத்தில் 1839இல் ஒரு கல்வெட்டுக் கிடைத்திருந்தது. எழுத்து இலத்தீன். மொழி கோலியம். வணங்கும் தெய்வம் உள்ளூர்த் தெய்வம். அதை வைத்தவனின் பெயர் மார்த்தியாலிஸ், றோமானியப் பெயர். அவன் தந்தையின் பெயர் தன்னொத்தலொஸ், கோலியப் பெயர். இத்தாலியிலிருந்து ஒருவரும் வந்து குடியேறாமலே ஒரு குடும்பத்துக்குள் ஒரு தலைமுறையில் பெயர் மாறிவிட்டது, மொழி மாறவில்லை. பிரெஞ்சு அறிஞர்கள் இவனைக் கோலியனா, றோமானியனா என்று வழக்காடிக்கொண்டிருப்பதில்லை. இரு சொற்களையும் ஒரு கோடிட்டு இணைத்து எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

கந்தரோடையின் தத்தனையும் ஆனைக்கோட்டையின் கோவேதனையும் நாமும் அவ்வாறே பார்க்கலாமே! பௌத்தம் என்றால் சிங்களம், பிராகிருதம் என்றால் குடியேற்றம் என்ற சமன்பாடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செல்லாது. தமிழில் மணிமேகலை ஒரு பௌத்த காப்பியம். காஞ்சியும் நாகபட்டினமும் பௌத்த நகரங்களாக இருந்தவை. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தை ஆண்ட அமைச்சனையும் அங்கே எழுந்த விகாரையையும் குறிப்பிடுகிறது. அது அநுராதபுரத்தின் அதிகாரம் ஒரு காலத்தில் இங்கே எட்டியதற்குச் சான்று. ஆனால் அமைச்சன் ஒருவன் ஆண்டான் என்பதால் ஊரார் எல்லோரும் அவன் மொழியினர் ஆகிவிடார். மறுபுறம், தூபிகளைக் கண்டு கூசி, "அது நமக்கு உரியதன்று" என்று ஒதுங்கும் நம்மவர்களும் அதே சமன்பாட்டைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள். தம் முன்னோர் கட்டியதைத் தாமே பிறருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்திரபாலா 1965இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டில், இலங்கையில் தமிழர் குடியேற்றங்களை மிகப் பிற்பட்ட காலத்துக்கு உரியனவாக வைத்தவர். மண்ணிலிருந்து வந்த சான்றுகளைக் கண்டபின், 2005இல் வெளியிட்ட நூலில், சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் இத்தீவின் ஆதிக் குடிகளிலிருந்தே மொழி மாற்றத்தால் இரு இனங்களாக உருவாயினர் என்று எழுதினார். இரு தரப்பு அரசியல்வாதிகளுக்கும் உகந்ததல்லாத முடிவு. அதனாலேயே அந்நூலைப் படிக்கும்படி இளையவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஏட்டுச் சண்டையாக விட்டுவிட முடியாத காலம் இது. 2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கைப் பேருந்துகள் கந்தரோடைக்கு வரத்தொடங்கின. வாயிலில் படையினர் நின்ற காலமும் இருந்தது. மாதகல் கரையில் சங்கமித்தை வந்திறங்கியதன் நினைவாக விகாரை எழுந்தது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் நீதிமன்றம்வரை சென்ற பிணக்கு. தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழுந்தமைக்கு எதிராக 2023 முதல் போராட்டங்கள். "தொல்லியல்" என்ற சொல்லைக் கேட்டாலே வடக்கு, கிழக்கு மக்களுக்குக் காணி பறிபோகும் அச்சம் எழுவதற்குக் காரணங்கள் பல.

அந்த அச்சம் என்ன செய்கிறது என்பதைத் தூபி வளவுக்கு வெளியே, தோட்டமொன்றில் பார்த்தேன். வெங்காயத்துக்கு நீர் மாறிக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வரம்போரம் கிடந்த ஓட்டுத் துண்டொன்றை எடுத்துக் காட்டினேன்: உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அவர் சிரித்தார்.

"உது இஞ்சை எங்கையும் வரும் ஐயா. கிணறு வெட்டேக்கை கூடை கூடையா வரும். காசும் வாறது."

"யாரிடமாவது காட்டியிருக்கிறீர்களா?"

"காட்டினால் காணியை அளக்க வந்திடுவாங்கள். திரும்பப் போட்டு மூடிவிடுறதுதான். எங்கடை அப்புவும் அப்பிடித்தான் செய்தவர்."

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் தோட்டம்தான் அந்தப் பட்டினம். தூபி வளவுக்கு அப்பால், உச்சாப்பனைக் குறிச்சியிலும் குளத்தைச் சுற்றியும் உள்ள வளவுகளின் கீழே வீடுகளும் பட்டறைகளும் களஞ்சியங்களும் கிடக்கின்றன. நான் சென்ற நாளிலும் இரண்டு புதிய வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் கீழடியின் தென்னந்தோப்புகளில் 2015இல் தொடங்கிய அகழாய்வு, 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வந்து நிற்கிறது. அங்கே கிடைத்த அதே வகை மட்கலங்கள் கந்தரோடையில் 1970இலேயே கிடைத்தவை. நாம் 45 ஆண்டுகள் முந்தியிருந்தோம்.

இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. நிலத்தை ஒதுக்கவும் தடுக்கவும் அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. கண்டதைச் சொல்ல முன்வரும் தோட்டக்காரனுக்கு நம்பிக்கை தருவதாக அது இல்லை. இங்கிலாந்தில் 1997 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. உழும்போதும் தோண்டும்போதும் கிடைப்பதைப் பொதுமக்கள் உள்ளூர் அலுவலரிடம் காட்டலாம். அவர் படமெடுத்து, இடத்தைக் குறித்து, பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காணிக்கு ஆபத்தில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியற்றுறையும் உடுவில் பிரதேச செயலகமும் சேர்ந்து கந்தரோடையில் மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், இதைச் செய்து பார்க்கலாம். காணி கையகப்படுத்தப்படாது என்ற உறுதியை எழுத்தில், தமிழில், கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். கிணறோ அத்திவாரமோ வெட்டுபவர் ஒரு நாள் முன்னதாகச் சொன்னாற் போதும். மாணவர் இருவர் வந்து, குழியின் சுவரிலுள்ள மண் அடுக்குகளை வரைந்துகொண்டு போகட்டும். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. அளவு நாடாவும் புகைப்படக் கருவியும் போதும்; மாரி தொடங்குமுன் கிணறுகள் இறைத்துத் தூர்வாரப்படும் மாதங்களில் தொடங்கினால் இன்னும் நல்லது.